துடிப்பை எண்ணும் பட்டை: பாளையங்கோட்டை நண்பனுக்கு

சயான், மும்பை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் கைக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகாமல் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றாலே, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட உடம்பு தேறிவிட்டது என்று தெரிகிறது. என் வீட்டுக்காரி முழுவதையும் வாசித்துவிட்டு, "அண்ணன் ஆஸ்பத்திரி இட்லியைத் திட்ட ஆரம்பிச்சிட்டாங்க, இனிப் பயமில்லை" என்றாள்.

இங்கே பெரிய செய்தி, மாட்டுங்கா வீட்டைக் காலி செய்துவிட்டோம். கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்விட்டது. மாதாமாதம் வாடகைப் பணம் பில்டர் தருகிறார். மூன்று வருஷத்தில் சாவி என்கிறார். மும்பையில் பில்டர் சொல்லும் வருஷக் கணக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் சேராது, பார்ப்போம். இப்போது சயானில் நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அதற்கு இஷ்டப்பட்டால் ஓடும். காய்க்கும் பூவுக்கும் இவள் இன்னமும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குத்தான் போகிறாள். என் காலை ஓட்டமும் பழையபடி ஃபைவ் கார்டன்ஸ் பக்கம்தான். ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானில் அரை மாரத்தான் ஓடிப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை. சிரிக்காதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நடக்கும்போது இதயத் துடிப்பை எண்ண மார்புப் பட்டை வாங்கலாமா, கையில் இருக்கும் வாட்ச்சே போதுமா, எந்தக் கம்பெனி நல்லது என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறாய். ஆனால் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு நிமிஷத்துக்கு 105-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது, இதயம் அவ்வளவு பலவீனமாகிவிட்டதோ" என்று, அதை முதலில் பேசுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

மருமகன் உன் போனில் போட்டுக்கொடுத்த கணக்கு எனக்குப் புரிகிறது. 220-லிருந்து உன் வயது 58-ஐக் கழித்தால் 162, அதுதான் உன் இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு என்று கணக்கு. அதில் 70 சதவீதம் 113. அந்த 113-ஐத் தொடாதவரை வாட்ச் கையில் அதிர்ந்து "வேகம் போதாது" என்கிறது. நீயும் மூச்சு வாங்க வாங்க நடையை எட்டிப் போடுகிறாய். இந்த 220 கணக்கு 1971-ல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஏற்கெனவே வந்திருந்த ஆய்வுகளின் புள்ளிகளைப் பார்த்துக் குத்துமதிப்பாக இழுத்த கோடு. 2001-ல் தனாகா என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொன்னார்கள். அதன்படி உனக்கு 167 வரும். எந்தக் கணக்கைப் பிடித்தாலும் ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு நடுவே பத்து, பதினைந்து துடிப்பு வித்தியாசம் சாதாரணம்.

அதைவிடப் பெரிய விஷயம் உன் மாத்திரைப் பட்டியலில் இருக்கிறது. மெட்டோப்ரொலால் என்று எழுதியிருக்கிறாயே, அது பீட்டா பிளாக்கர். அட்ரினலின் வந்து இதயத்தை விரட்டும்போது குறுக்கே நின்று தடுப்பதுதான் அதன் வேலை. சும்மா இருக்கும்போதும் துடிப்பு குறையும், வேர்த்து விறுவிறுக்க நடக்கும்போதும் மற்றவர்கள் அளவுக்கு ஏறாது. அந்த மாத்திரை போடுகிறவனுக்கு 220 கணக்கும் பொருந்தாது, 208 கணக்கும் பொருந்தாது. 105-லேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் மாத்திரை தன் வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதற்காக 113-ஐப் பிடித்தே தீருவேன் என்று மல்லுக்கட்டாதே. மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் கனவிலும் வேண்டாம். அதைத் திடீரென நிறுத்தினால் வில்லங்கம்.

இந்த வாரமே அந்த அதிர்கிற அலாரத்தை அணைத்து வைக்கச் சொல். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குள் நடக்கலாம் என்று சீட்டில் எழுதி வாங்கு. அந்த இரண்டு எண்தான் உனக்குச் சட்டம். அதுவரை பேச்சு வைத்துப் பார்: நடக்கும்போது தங்கச்சியுடன் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம், பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறைக்க வேண்டும். ஹாஸ்டலில் நீ பாடிய லட்சணத்துக்கு, தெருவில் பாடிப் பார்க்க வேண்டாம், மனசுக்குள் பாடினாலே போதும்.

இப்போது கருவிக்கு வரலாம். வாட்ச்சின் அடியில் பச்சையாக மின்னுகிறதே, அது தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் பொங்கி வடிய, திரும்பும் வெளிச்சம் குறைந்து கூடும். அதிலிருந்து எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். மார்புப் பட்டையில் வெளிச்சம் கிடையாது. இதயம் சுருங்கும்போது எழும் மின்சாரத்தை இரண்டு ஈரமான தொடுபரப்புகளால் நேரடியாகப் பிடிக்கிறது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்களே, அதன் சின்னத் தம்பி. பின்லாந்தில் போலார் கம்பெனி 1977-ல் தொடங்கியது பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்காகத்தான், 1982-ல் கம்பியில்லாமல் மணிக்கட்டுக்கு எண் அனுப்பும் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்தக் குளிரில் பட்டையை நனைத்துத்தான் கட்ட வேண்டியிருந்திருக்கும். மும்பையில் வீட்டுப் படி இறங்குவதற்குள் அது தானாக நனைந்துவிடுகிறது.

வெளிச்ச அளவீட்டின் கோளாறு எங்கே என்றால், கை ஆடும்போது. எங்கள் காலைக் கூட்டத்தில் பேங்கிலிருந்து ரிட்டையரான ஒருவர் இருக்கிறார். புது வாட்ச் கட்டிக்கொண்டு மெல்லோட்டம் ஓடினார். இரண்டு சுற்று முடிவதற்குள் முகம் வெளுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். திரையில் 174. "எனக்கு ஏதோ ஆகுது" என்கிறார், பேச்சோ தங்குதடையின்றி வருகிறது. நான் கழுத்துப் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன். 120-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஓடும்போது அவர் காலடி குட்டையாக, சின்னச் சின்னதாக விழும். நிமிஷத்துக்கு 170 சொச்சம் காலடி. வாட்ச் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணியிருக்கிறது. பட்டை வளையல் மாதிரி தொளதொளவென்று தொங்கியது. மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, நழுவாமல் இறுக்கிக் கட்டச் சொன்னேன். மறுநாள் ஒழுங்காகக் காட்டியது. ஆனால் மனுஷர் இன்னமும் அதை நம்புவதில்லை, பாதி ஓட்டத்தில் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். அதுவும் நல்ல பழக்கம்தான். நின்றவுடன் தொட வேண்டும், அரை நிமிஷம் போனாலே துடிப்பு இறங்கிவிடும்.

நான் மார்புப் பட்டை கட்டுகிறேன் என்றால் காரணம் வேறு. வேகமாக ஒரு நிமிஷம், மெதுவாக இரண்டு நிமிஷம் என்று மாற்றி மாற்றி ஓடும்போது வெளிச்ச அளவீடு பின்தங்கிவிடும். நான் மூச்சு ஆறி நிற்கும்போதுதான் வாட்ச் உச்சத்தைக் காட்டும். இரண்டாவது, இந்த ஊர்ப் புழுக்கம். அதே வேகத்தில் ஓடினாலும் அரை மணி கழித்துத் துடிப்பு மெல்ல மெல்ல மேலே போகிறது. வேர்வையில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோல் பக்கம் ஓடுகிறது, ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. அக்டோபர் வெயிலில் இது நன்றாகத் தெரியும். எண் ஏறினால் நான் வேகத்தைக் குறைப்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கிறேன், அதனால் அது துல்லியமாக இருந்தாக வேண்டும்.

நீ நடக்கிறாய். ஒரே சீரான நடைக்கு, ஒழுங்காக இறுக்கிக் கட்டிய வாட்ச்சே போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். வீட்டில் நிற்கும் சைக்கிளும் மிதிப்பதாக எழுதியிருந்தாய். அதில் கைப்பிடியை ரொம்ப இறுக்கிப் பிடிக்காமல் இருந்தால் அங்கேயும் வாட்ச் சமாளிக்கும். மாறாக, டாக்டர் கொடுக்கும் மேல் எல்லை குறுகலாக இருந்து, அதைத் தாண்டவே கூடாது என்றால் பட்டை வாங்கு. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைக் கட்டக் கூடாது என்பார்கள். உனக்கு ஸ்டென்ட்தான், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு வை.

வாங்குவதாக இருந்தால் இதை மனசில் வைத்துக்கொள். பட்டையில் திரை கிடையாது. எண்ணைப் பார்க்கப் போனோ வாட்ச்சோ கூடவே வேண்டும். ப்ளூடூத் இருந்தால் உன் போனுக்குப் போதும். ஆன்ட் பிளஸ் என்று ஒன்று எழுதியிருப்பான், அதுவும் ப்ளூடூத் மாதிரி கம்பியில்லாமல் எண் அனுப்பும் வழிதான், அது ஓட்டக்காரர் வாட்ச்சுக்கும் சைக்கிள் மீட்டருக்கும்தான் உதவும், அதற்காகக் கூடக் காசு தராதே. நீச்சல் அடிக்கிறவனாக இருந்தால் வேறு கதை, தண்ணீருக்குள் ப்ளூடூத் போகாது. பேட்டரி, வாட்ச் ரிப்பேர் கடையில் கிடைக்கும் நாணய வடிவச் செல்லாக இருக்கட்டும். துணிப்பட்டை தனியாகக் கிடைக்கிறதா என்று பார். முதலில் உயிரை விடுவது அந்த எலாஸ்டிக்தான், மேலே மாட்டும் குமிழ், அதாவது எண்ணை அனுப்பும் சென்சார், வருஷக்கணக்கில் உழைக்கும். போலார், கார்மின், வாஹூ மூன்றுமே நம்பலாம். பெயர் தெரியாத மலிவான பட்டைகளிலும் நன்றாக உழைப்பவை உண்டு, எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் கட்டுகிறார்கள். கலோரிக் கணக்கை மட்டும் எந்தக் கம்பெனி சொன்னாலும் நம்பாதே. அதைப் பார்த்துவிட்டு இரண்டு அல்வாத் துண்டு வாயில் போடுவாய், உன்னைத் தெரியாதா.

கட்டும்போது மார்பில் விபூதியோ எண்ணெயோ இருந்தால் துடைத்துவிடு. தொடுபரப்பை லேசாக நனைத்து, மார்புக்குக் கீழே, மூச்சு இழுத்தாலும் நழுவாத இறுக்கத்தில் கட்டு. முடிந்ததும் குமிழைக் கழற்றிப் பட்டையைத் தண்ணீரில் அலசிக் காயப்போடு. ஈரப்பட்டையில் மாட்டியே வைத்தால், கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு செல்லைத் தின்னும். அலசாமல் விட்டால் என்ன ஆகும் என்று என் வீட்டுக்காரியைக் கேள். வாசனை வாசல் வரை வந்தது என்று இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இன்னொன்று, மருமகன் ஈசிஜி எடுக்கும் வாட்ச் அனுப்பப் போவதாக எழுதியிருந்தாய். ஆசையாக அனுப்புகிறான், வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் அது பார்ப்பது துடிப்பின் ஒழுங்கை மட்டும். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது, விற்கிறவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வேர்வை, தலைச்சுற்றல் எது வந்தாலும் எண் 80 காட்டினாலும் சரி, 100 காட்டினாலும் சரி, அப்படியே உட்கார்ந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு. வாட்ச்சைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்காதே.

தங்கச்சியிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். தீபாவளி கழிந்து கிளம்பி வருகிறோம் என்று எழுதியிருந்தாய், பயணத்துக்கு டாக்டர் சம்மதித்துவிட்டால் முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடு, கடைசி நேரத்தில் ஸ்லீப்பரில் கூட இடம் கிடைக்காது. தாதரில் இறங்கு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுக்கும் அந்த இரண்டு எண்ணைப் போன் பண்ணியாவது சொல். லிஃப்ட் ஓடாத நாளில் வந்தால், நாலு மாடியை எத்தனை முறை நின்று ஏறலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டு வா.

அன்புடன்,
உன் ரூம்மேட்