தொட்டால் வளரும் செடி: லின்ஸிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஆஸ்திரியாவின் லின்ஸில் எல்லோரும் நலம். குளிர்காலம் வந்துவிட்டது. வீட்டிலும் கடையிலும் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு கிடக்கிறது. கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீரென்கிறது. அங்கே வேர்வைதான் உன் கவலை, இது இருக்காது.

கல்லூரிக் கண்காட்சிக்குத் தொட்டால் வளரும் செடி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னோடி, கணினிக் கலைஞர்கள் கிறிஸ்டா சோமரரும் லோரான் மிஞ்ஞோனோவும் 1992இல் செய்தது. இருவரும் பின்னாளில் இந்த ஊர்க் கலைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியர்களாக வந்தார்கள். தொட்டியில் ஐந்து நிஜச் செடிகள். பக்கத்தில் போனாலோ தொட்டாலோ திரையில் செயற்கைச் செடிகள் படரும். கள்ளியைத் தொட்டால் திரை மொத்தமும் அழியும். 1994இல் ‘ஏ-வால்வ்’ வந்தது: தொடுதிரையில் வரைந்த உருவம் தண்ணீர்த் தொட்டிக்குள் உயிரியாக நீந்தும், அதன் வேகத்தை வடிவமே முடிவு செய்யும். அந்த ஆண்டே இங்குள்ள ஆர்ஸ் எலெக்ட்ரானிகா என்ற மின்னணுக் கலை அமைப்பின் கோல்டன் நிக்கா விருதும் கிடைத்தது.

உனக்கு ஒரு ஆர்டுயினோவும் (நிரல் எழுதி ஓட்டும் சின்ன மின்னணு போர்டு) மணி பிளான்டும் போதும். 4ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் நடுவே ரெசிஸ்டர் போடு. 2இலிருந்து மண்ணுக்கு ஒரு வயர். தொட்டால் மட்டும் தெரிய 1 மெகாஓம் போதும். அரை ஜாண் தள்ளிக் கை வந்தாலே தெரிய 10 மெகாஓம். 40 போட்டால் நடந்துபோகிறவனுக்கெல்லாம் செடி சிலிர்க்கும், கூட்டத்துக்கு ஆகாது. நிரலுக்கு, தொடுகையை எண்ணாக அளந்து தரும் ‘கெப்பாசிட்டிவ் சென்சார்’ லைப்ரரி இருக்கிறது. செடிப் பக்க வயரில் 1 கிலோஓம் ஒன்றைத் தொடராகப் போட்டால் ஸ்டாட்டிக் (கைப்பிடியில் சுரீரென்கிற அதே மின்சாரம்) அடித்து போர்டு போகாது. இங்கே அது கட்டாயம், அங்கேயும் போட்டுவிடு. மண்ணில் செம்புக் கம்பி பச்சை பிடித்துவிடும். பழைய எவர்சில்வர் ஸ்பூனைக் குத்திவை. அதில் சால்டர் ஒட்டாது, மண்ணுக்கு மேலே முதலைக் கிளிப் மாட்டு.

பெரும்பாலும் கெடுவது எர்த்தால். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் அளவு தாறுமாறாகக் குதிக்கும். மூன்று முள் சார்ஜரைச் செருகிப் பார். ஹால் பிளக்கில் எர்த் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, நீயே கம்பி நுழைக்காதே. தொட்டி இரும்பு மேஜையில் உட்காரக் கூடாது, அடியில் பிளாஸ்டிக் தட்டு வை.

அடுத்தது தண்ணீர். காலையில் ஊற்றிய மண் மாலையில் காய்ந்தால் யாரும் தொடாதபோது வரும் அடிப்படை அளவே நகர்ந்துவிடும், ‘இதற்கு மேல் போனால் தொட்டாயிற்று’ என்று நிலையான எல்லை வைத்தால் மதியத்துக்குமேல் வேலை செய்யாது. யாரும் தொடாதபோது மெல்ல மெல்ல அடிப்படையைத் திருத்தும்படி எழுது. தொடும்போது திருத்தத்தை நிறுத்து, இல்லாவிட்டால் நீண்ட தொடலையே செடி மறந்துவிடும்.

இன்னொன்று, திரையில் எடுத்துவைத்த வீடியோவை ஓடவிடாதே. அப்படிச் செய்தால் அது வெறும் சுவிட்ச். இரண்டாம் தடவை யாரும் தொடமாட்டார்கள். கிளையின் கோணமும் நீளமும் அந்த நேரத்து அளவிலிருந்தே வரட்டும்.

நனைந்த மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் ஜன்னல்) வரும் எண்களை எழுதி அனுப்பு, எல்லையை எங்கே வைப்பதென்று பார்த்துச் சொல்கிறேன். அம்மாவின் துளசியில் மட்டும் ஸ்பூனைக் குத்தாதே.

அன்புடன்,
அக்கா