பல்பை மாற்றும் முன்

அன்பு மகளுக்கு,

இடது ஹெட்லைட் மங்கலாகத் தெரிகிறது, பல்பை மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். கம்பெனியிலேயே எல்இடி பொருத்தி வரும் பெரும்பாலான கார்களில் தனியாகக் கழற்றும் பல்பு கிடையாது. எல்இடி சில்லுகள் உள்ளே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். முழு விளக்கையும் மாற்றச் சொல்லி யாராவது விலை சொல்வதற்குள், நீயே சிலவற்றைப் பார்த்துவிடு.

முதலில் மேல்மூடி. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். மேலே இருக்கும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்ததும் மஞ்சளாகிப் புகைபடியும். விளக்கில் குறையே இல்லாவிட்டாலும் வெளிச்சம் சிதறிவிடும். மூடியில் தண்ணீர் தெளித்துப் பார். நனைந்தவுடன் தெளிவானால் குறை மேற்பரப்பில்தான், சரிசெய்துவிடலாம்.

சுற்றியுள்ள பெயின்ட்டை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரோடு 1000, 2000, 3000 என்ற எண் வரிசையில் தேய் (எண் கூடக்கூடத் தாள் நைசாக இருக்கும்). ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்று. அப்போதுதான் முந்தைய கீறல் முழுதாகப் போயிற்றா என்று தெரியும். மூடி ஒரே சீராக வெளுத்துத் தெரிந்தால் பயப்படாதே, பாலிஷ் போட்டதும் தெளிந்துவிடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட் பூசு. இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகும். பெட்ரோலும் தின்னரும் மூடிப் பக்கமே போகக்கூடாது, பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்பு விழும். வெடிப்பு உள்பக்கம் இருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது.

மூடி சுத்தமாக இருந்தும் மங்கல் என்றால் சூட்டைச் சந்தேகப்படு. எல்இடியின் சூடு வெளிச்சத்தோடு முன்னால் போகாது, பின்பக்க ஹீட் சிங்க், அதாவது சூட்டை இழுத்து வெளிவிடும் உலோகப் பகுதி, வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே தூசி அடைத்தாலோ, சிறு மின்விசிறி இருந்து அது நின்றாலோ, சில்லைக் காப்பாற்ற டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் மின்னணுச் சுற்று) மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். போட்டவுடன் பளிச்சென்று எரிந்து, சற்று நேரத்தில் மங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சிமிட்டினால், ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா என்று கவனி. ஒரு பக்கம் மட்டுமென்றால் கனெக்டரில் பச்சை பிடித்திருக்கிறதா, எர்த் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார். அவை சரியாக இருந்தால் குறை டிரைவர் சுற்றில்தான் இருக்கும். இரண்டும் சிமிட்டினால் பேட்டரியையும், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கச் சொல். கைபேசி கேமராவில் மட்டும் சிமிட்டுவது பழுதே இல்லை.

மழைக்குப் பின் உள்ளே மெல்லிய ஆவி படிந்து, வண்டி ஓடியதும் மறைந்தால் அதுவும் இயல்புதான். சொட்டுச் சொட்டாக வழிந்தாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோ சீல் விட்டுவிட்டது. தாமதிக்காதே, ஈரம் டிரைவரைத் தின்றுவிடும்.

தம்பி தன் பழைய ஹாலோஜன் விளக்குக்குள் எல்இடி பல்பு போடப் போவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்று நீயும் சொல். அந்த விளக்கின் ரிஃப்ளெக்டர், ஹாலோஜன் பல்பின் ஒளிரும் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வெளிச்சம் பிறக்கும் இடம் சிறிது மாறினாலும் எதிரே வருபவர் கண்ணைக் கூசும், நம் சாலையிலும் வெளிச்சம் சரியாக விழாது. பல நாடுகளில் சட்டமும் அனுமதிப்பதில்லை.

கடைசியாக, வெளிச்சம் சரியான உயரத்தில் விழுகிறதா என்று பார். டயர் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்து. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், வெளிச்சத்தின் உயரத்தை மாற்றும் லெவலர் திருகி உள்ளே இருந்தால் அதை 0-வில் வை. விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் டேப்பால் குறி. லோ பீமின் மேல்விளிம்பு அதற்கு 5 செ.மீ. கீழே விழ வேண்டும். விளக்கின் மேல் 1% என்று அச்சிட்டிருந்தால் கணக்கு இதுதான், வேறு எண் இருந்தால் அதற்கேற்ப மாறும். சாலையோரப் பக்கம் கோடு மேலே ஏறினால் அதைக் குறை என்று நினைத்துத் திருகாதே, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு விளக்கின் முன் அட்டையை நிறுத்தி மறைத்து, இரண்டையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பு. எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா