பேஸ்மேக்கர் வைத்தால் மட்டையை மூலையில் போட வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார நலவாழ்வு இணைப்பில், "பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் விளையாட்டு, உடற்பயிற்சி போன்றவற்றை அறவே தவிர்த்து ஓய்வாக இருப்பது நல்லது" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதை என் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பி, மருமகள் வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டி, இப்போது நான் ஷூவை எடுத்தாலே "எங்க அத்தை கிளம்பிட்டீங்க?" என்று விசாரணை நடக்கிறது. ரொம்ப நன்றி.

நான் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தஞ்சாவூர்க்காரி. பூப்பந்து இந்த மண்ணில் வளர்ந்த ஆட்டம் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (அதற்கு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி இடம்கூடக் கிடைப்பதில்லை. இதைப் பற்றி முன்பே எழுதினேன், பதில் வரவில்லை, சரி விடுங்கள்.) எனக்கு வந்தது மாரடைப்பு இல்லை. ஆஞ்சியோவில் ரத்தக்குழாய் எல்லாம் சுத்தம். துடிப்பைத் தொடங்கிவைக்கிற சைனஸ் கணுதான் சோம்பிப்போய், ஆடும்போது துடிப்பு ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் மைதானத்திலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். அதற்குத்தான் பேஸ்மேக்கர்: நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்து, இதயத்துக்குள் விட்ட வயர் வழியாகத் துடிப்பைத் தூண்டிவிடும் சின்னக் கருவி. நான் மறுபடி ஓடியாட வேண்டும் என்பதற்காக வைத்ததை நான் ஓடக்கூடாது என்பதற்குக் காரணமாகக் காட்டினால் எப்படி?

உங்கள் 'மருத்துவக் குழு' யாரிடம் கேட்டது என்று தெரியவில்லை. பொருத்திய பக்கத்துக் கையை நாலு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, ஏனென்றால் இதயத்துக்குள் விட்ட வயர் நன்றாகப் பிடித்து நிற்கும் முன்பு இடம் மாறிவிடலாம். இதை எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அப்படிச் சொன்னாலும் கையை அடியோடு அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா பயந்துபோய்க் கையைத் தொட்டில் மாதிரி கட்டியே வைத்திருந்து, இன்றைக்குத் தலை பின்னிக்கொள்ள முடியாமல் பேத்தியைக் கூப்பிடுகிறார். கபடி, கராத்தே மாதிரி நெஞ்சில் நேராக அடிபடும் ஆட்டங்கள் வேண்டாம், அது நியாயம். நடை, சைக்கிள், மட்டை பிடிக்கிற ஆட்டமெல்லாம் அவரவர் இதய நிலையைப் பார்த்து டாக்டர் சரி சொன்ன பிறகு ஆடலாம்.

இன்னொன்று. நான் இடக்கை ஆட்டக்காரி. கருவியை இடது தோள்பட்டைக்குக் கீழே வைத்தார்கள், வழக்கமாக வைப்பது அந்தப் பக்கம்தானாம். எந்தக் கையால் ஆடுவீர்கள் என்று ஒருவர் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தது, இத்தனை வருஷம் விசில் ஊதியதற்கு அந்த மரியாதை! கையை ஓயாமல் தலைக்கு மேல் வீசினால் காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே வயர் நசுங்க வாய்ப்பு உண்டு. அதனால் ஸ்மாஷைக் குறைத்துத் தாழ்வாக வெட்டி ஆடுகிறேன். எதிரே நிற்பவர்கள் அதற்கே திணறுகிறார்கள் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஜிம் சைக்கிள் கதையும் உண்டு. நடந்தால் மூச்சு வாங்குவதில்லை, நின்ற இடத்து சைக்கிளை மிதித்தால் வாங்கியது. செக்கப்பில் டெக்னீஷியன்தான் விளக்கினார்: என் கருவியில் உள்ள சென்சார் உடம்பு குலுங்குவதைப் பார்த்துத் துடிப்பைக் கூட்டுமாம். சைக்கிளில் கால்தானே சுற்றுகிறது, நெஞ்சு குலுங்குவதில்லையே. அதிகபட்சத் துடிப்பையும் 120 என்று வைத்திருந்தார்கள். என்னை வராந்தாவில் வேகமாக நடக்கவிட்டு, மானிட்டரைப் பார்த்து, டாக்டரைக் கேட்டு இரண்டையும் மாற்றினார். கத்தி இல்லை, ஊசி இல்லை, நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து எடுத்ததோடு சரி. எத்தனை பேர் இது தெரியாமல் 'வயசாயிடுச்சு' என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அதை எழுத உங்களுக்கு இடமில்லை.

டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் 2021-இல் நடந்த யூரோ போட்டியில் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்தார். அவருக்கு வைத்தது ஐசிடி, அதாவது இதயம் ஆபத்தாகத் தாறுமாறாய்த் துடித்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி, என்னுடையதைவிடப் பெரிய பிரச்சினைக்கு. அதை வைத்துக்கொண்டே 2024 யூரோவில் கோல் போட்டார். உங்கள் விளையாட்டுப் பக்கம் அதைக் கொண்டாடியது. ஐரோப்பாவில் ஆண்பிள்ளை ஓடினால் சாதனை, தஞ்சாவூரில் பொம்பளை ஓடினால் ஆபத்தா? போட்ட படமும் வழக்கம்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்த ஒரு நரைமுடி அம்மா.

அப்புறம், அதே பக்கத்துக்கு எதிரே அரைப்பக்கத்துக்குக் காந்தப் படுக்கை விளம்பரம். பேஸ்மேக்கர் மேல் காந்தம் வந்தால் அது இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்க ஆரம்பிக்கும். பந்தடிக்க வேண்டாம், காந்தத்தின் மேல் படுத்துக்கொள் என்கிறீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இணைப்பில் 'அறவே தவிர்த்து' என்பதை எடுத்துவிட்டு, 'முதல் சில வாரங்கள் கவனம், பிறகு மருத்துவரிடம் கேட்டு விளையாடலாம்' என்று இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். என் கடிதத்தைச் சுருக்குவீர்கள் என்று தெரியும். காந்தப் படுக்கைப் பத்தியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை (ஓய்வு), தஞ்சாவூர்