சத்தத்துக்கு ஃபைன் சரி, இன்ஜின் போறத யாரு சொல்றது?

ஆசிரியருக்கு வணக்கம். சைலன்சர் மாத்துன வண்டிகளைப் புடிச்சு ஃபைன் போட்டாங்கன்னு உங்க பேப்பர்ல அப்பப்ப வருது, நல்லதுதான், ஆனா ராமநாதபுரத்துல இருவது வருஷமா பெட்ரோல் கார் வேலை பாக்குறவன்ங்கிற முறைல ஒண்ணு சொல்லணும். போலீஸ்காரங்க காதுக்கு கேக்குறத புடிக்கிறாங்க. கேக்காம உள்ள ஒண்ணு நடக்குது, அதப் பத்தி ஒரு வரி கூட எங்கயும் வர்றதில்ல.

போன மாசம் கீழக்கரை பக்கமிருந்து ஒரு தம்பி வண்டி கொண்டாந்தாரு. வி8 இன்ஜின், ரெண்டு டோர் ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி பேரு வேணாம், இந்தப் பக்கம் அது ஒண்ணுதான் ஓடுது, சொன்னா ஆளு யாருன்னு தெரிஞ்சிரும். வெளியூர்ல ஒரு கடைல கோன் ஏர் ஃபில்டர், இன்ஜினுக்கு காத்து போற பெரிய இன்டேக் பைப், பின்னாடி புகைய தடையில்லாம விடுற ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் எல்லாம் மாட்டிட்டு, "பேட்டரி வயரை பத்து நிமிஷம் கழட்டி மாட்டுங்க, இசியு தானா கத்துக்கும்"னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இசியுன்னா இன்ஜினுக்கு எம்புட்டு பெட்ரோல் ஊத்தணும்னு கணக்கு போடுற கம்ப்யூட்டர். இவரு வந்து எறங்குனதும் மொதல்ல கேட்டது "அண்ணே, சத்தம் நல்லாருக்குல்ல?" செக் இன்ஜின் லைட் எரியிறது ரெண்டாவதாதான் ஞாபகம் வந்துச்சு.

ஸ்கேனர் மாட்டுனா பி0171, பி0174ன்னு ரெண்டு கோளாறு கோடும் நிக்குது. ரெண்டு பேங்க்லயும், அதாவது ரெண்டு சிலிண்டர் வரிசைலயும் லீன், காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தல. ஒரு பக்கம் மட்டும்னா ஏதோ லீக்குன்னு தேடலாம், ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா பொதுவான எடத்துலதான் தப்பு. வெர்னியர் வச்சு அளந்தேன். பழைய பைப் உள்வாய் 80 மில்லி, புதுசு 86. ஆறு மில்லிதானேன்னு தோணும், ஆனா பரப்பளவுல அது நூத்துக்கு பதினஞ்சு கூடுதல். அந்தக் குழாய்க்குள்ள இருக்குற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார், காத்து எம்புட்டு வேகமா தன்னைத் தாண்டிப் போகுதுன்னு பாத்துத்தான் கணக்கு போடும், குழாய் பெருசானா அதே காத்து மெதுவா போகும், "காத்து கம்மி"ன்னு இசியுகிட்ட சொல்லும், அதுவும் அதை நம்பி பெட்ரோலை கொறைச்சு ஊத்தும். அந்தப் பதினஞ்சோட இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோலையும் (நூத்துக்கு இருவது எத்தனால் கலந்தது) சேருங்க. சாதா பெட்ரோலுக்கு காத்து விகிதம் 14.7னா இ20க்கு 13.5 கிட்ட, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு மேப், அதாவது எப்ப எம்புட்டு ஊத்தணும்ங்கிற அட்டவணை, எழுதுன வண்டிக்கு அதுலயே நூத்துக்கு இன்னொரு ஏழெட்டு பத்தாது. ஃப்யூயல் ட்ரிம்ல, அதாவது இசியு தானா கூட்டி ஊத்துற பெட்ரோல் கணக்குல, ப்ளஸ் 23 சதவீதம்னு நின்னுச்சு. பல வண்டில இசியு 25 கிட்ட வந்ததும் கையை விரிச்சிரும். பேட்டரி வயரை கழட்டி மாட்டுனா அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும், ரெண்டு நாள்ல திரும்ப அதே எடத்துல வந்து நிக்கும், அவ்ளோதான் அந்த வித்தை.

சும்மா ஓட்டுறப்ப இசியு, புகைல ஆக்சிஜன் எம்புட்டுன்னு சொல்ற ஆக்சிஜன் சென்சாரப் பாத்து சமாளிச்சிக்கும். முழுசா மிதிக்கிறப்ப பல வண்டில அந்த சென்சார் பேச்ச இசியு கேக்காது, மேப்ல இருக்குறத அப்படியே ஊத்தும், 12.5ல இருக்க வேண்டிய காத்து விகிதம் 14க்கு மேல போயிரும், சூடு ஏறும், நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடிச்சு தட்டுறது) வரும், பிஸ்டன் போகும். பழைய சைலன்சர்ல அந்த நாக்கிங் டிக் டிக்குன்னு காதுல விழும். இந்த எக்ஸாஸ்ட்ல எங்க கேக்குறது? காசு குடுத்து வாங்குன சத்தம், கேக்க வேண்டிய சத்தத்தை அமுக்கிருது.

முறையா ட்யூன் பண்றதுன்னா நின்ன எடத்துலயே வண்டிய ஓட்டி பவர் அளக்குற டைனோ ரோலர்ல ஏத்தி, காத்து விகிதத்த துல்லியமா காட்டுற வைட்பேண்ட் சென்சார் மாட்டி, மொதல்ல ஏர் ஃப்ளோ கணக்க புதுக் குழாய்க்கு ஏத்தாப்புல திருத்தி, அப்புறம் பெட்ரோல், கடைசியாத்தான் இக்னிஷன் டைமிங், அதுவும் அரை டிகிரி ஒரு டிகிரியா. இதெல்லாம் பண்ணி டர்போ இல்லாத வண்டில பத்து பதினஞ்சு குதிரைசக்தி கெடைச்சாலே பெருசு.

டைனோவுக்கு கோயம்புத்தூர் பக்கம் போகணும். அதுக்கு யாரு அலையிறதுன்னு பசங்க புடிச்சிருக்க டைனோ எதுன்னு நெனைக்கிறீங்க, நம்ம தனுஷ்கோடி ரோடு. 2017ல தொறந்த ரோடு, முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒம்பது கிலோமீட்டர் சொச்சம் நூல் புடிச்சாப்புல போகும். கூட்டாளி மடில லேப்டாப், மூணாவது கியர்ல 2000 ஆர்பிஎம்ல இருந்து ரெட் லைன் (இன்ஜின் சுத்துறதுக்கு உள்ள உச்ச வரம்பு) வரை ஒரே மிதி, அந்த மாதிரி வண்டிக்கு அது மணிக்கு நூத்திநாப்பது கிலோமீட்டரத் தாண்டும். ஒரு பக்கம் ஆண்கடல், ஒரு பக்கம் பெண்கடல், நடுவுல காத்து வாரிப் போட்ட மணல் ரோட்டுலயே கெடக்கு, தீர்த்தமாடிட்டு ஈரத்துணியோட குடும்பம் குடும்பமா நடந்து வர்றாங்க. நான் ஒருக்கா ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், வயித்த கலக்கிருச்சு.

சட்டம் வேற இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்தத மாத்தக்கூடாது, 182ஏ பிரிவுல ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா ஃபைன் இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேத்தும் வரலாம். இத மாட்டி விடுற கடைல ஒருத்தரும் சொல்றதில்ல. ட்ராக்ல ஓட்டத்தான்னா கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி எடம் இருக்கு, டிரெய்லர்ல ஏத்திக் கொண்டு போங்க.

தம்பிக்கு பழைய ஏர் பாக்ஸ் (கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டி), பழைய பைப், பழைய சைலன்சரையே திரும்ப மாட்டி விட்டேன். ட்ரிம் ப்ளஸ் 8க்கு எறங்கிருச்சு. மொகம் வாடிப் போச்சு அவருக்கு. அடுத்த தடவ ஃபைன் நியூஸ் போடுறப்ப, அபராதத் தொகையோட இந்த விவரத்தையும் நாலு வரி சேத்துப் போடுங்க. முகுந்தராயர் சத்திரத்துல வேகத்தை அளக்க ஆள் போடச் சொல்லியும் ஒருக்கா எழுதுங்க, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல, அப்பத்தான் அந்தப் பசங்க வர்றாங்க.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக், ராமநாதபுரம்