வலது பக்கம் நிற்பவளுக்கு ஒரு கடிதம்

அன்பு மக்களே,

(வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு கூட்டத்துக்கு எழுதுகிறேன் என்று நினைப்பார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே ஒரு பிள்ளையையும் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.)

நீ அனுப்பிய இரண்டு வீடியோவையும் பார்த்தேன். மெக்சிகோ பெண்கள் ஆடிய சர்வதேச ராக்கெட்பால் டபுள்ஸ் மேட்சை நாலு தடவை. நீ ஆடியதை எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஆனிச் சாரலில் கரண்ட் போய்ப் போய் வந்தது, விட்ட இடத்திலிருந்து திரும்பப் போட்டுப் பார்த்தேன். கூடவே நீ எழுதியிருந்த வரிதான் மனசை விட்டுப் போகவில்லை: "டீச்சர், டபுள்ஸை விட்டுட்டு சிங்கிள்ஸ் மட்டும் ஆடட்டுமா? எல்லாப் பந்தையும் பார்ட்னர்தான் எடுக்கா. நான் சும்மா நிக்கேன்."

உனக்கு மட்டும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் தோவாளைப் பக்கம் பூப்பந்து மைதானத்தில் இன்றைக்கும் நாலைந்து பிள்ளைகள் உன்னைப் போலவே "சும்மா" நிற்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ராக்கெட்பால் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்திராத ஆட்டம். 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரத்தில் மூடிய ஓர் அறை. நடுவில் வலை கிடையாது. நாலு சுவரும் கூரையும் ஆட்டத்தில் சேர்த்தி. அடித்த பந்து தரையில் படாமல் முன்சுவருக்குப் போய்ச் சேர வேண்டும், திரும்பி வருவது இரண்டாவது தடவை தரையில் படுவதற்குள் எதிராளி எடுத்தாக வேண்டும். இதே போல் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷில் முன்சுவரின் அடியில் தகரப் பட்டை இருக்கும், அதில் பட்டால் அவுட். இதில் அது இல்லை, தரையை ஒட்டி ஓர் அங்குல உயரத்தில் அடித்தாலும் பாயிண்ட்தான். பெரிய ஆட்டக்காரர்கள் அடித்தால் பந்து மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தப் பெட்டிக்குள் நாலு பேர் பேட்டை வீசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கையில் எனக்கு வயிறு கலங்கியது. கண்ணுக்குப் பாதுகாப்பாகப் போடும் கண்ணாடியைக் கழற்றாதே. பேட்டின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் உள்ளே போகாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் இரண்டு பேருமே வலது கைக்காரிகள். அப்படியானால் இடது பக்கம் நிற்பவளுக்கு நடுவில் வரும் பந்தெல்லாம் ஃபோர்ஹேண்டில், உள்ளங்கைப் பக்கமாக அடிக்கக் கிடைக்கும், வலது பக்கம் நிற்கும் உனக்கு அதே பந்து பேக்ஹேண்ட், புறங்கைப் பக்கம். அதனால் நடுவை அவள் எடுப்பதுதான் கணக்கு. உன்னை மட்டம் தட்டுவதற்காக அவள் எடுக்கவில்லை. உன் பங்குக்கு வருவது வலது சுவரை ஒட்டி வரும் பந்து, முன்மூலையில் செத்து விழப் பார்க்கும் பந்து. எண்ணிக்கையில் குறைவு. ஆனால் எதிராளிகளுக்கு உன் பார்ட்னர் மேல் பயம் வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று உன் வீடியோவிலேயே பார். செர்வை உன் பக்கமே திருப்புகிறார்கள். பத்து நிமிஷம் பந்தே தொடாமல் நின்றவளுக்குத் திடீரென்று வரிசையாக நாலு பந்து. அதில் மூன்றை நீ எடுத்தாய். இடது பக்கம் நிற்பவளுக்குக் கை சூடாகவே இருக்கும். உன் கை ஆறிப்போன நேரத்தில் பந்து வருகிறது. எது கஷ்டம் என்று நீயே சொல்.

பார்ட்னர் செர்வ் போடும்போது அடுத்தவள் நிற்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறதே, அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கச் சுவரிலிருந்து 18 அங்குலம்தான். சுவரில் முதுகு வைத்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி, பந்து கோட்டைத் தாண்டும்வரை அசையக் கூடாது. அசைந்தால் அது தப்பு. அப்படிச் சும்மா நிற்பதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விதியும் எனக்குப் பிடித்துப்போனது. ஒருத்தி பேட்டை வீசிப் பந்தைத் தவற விட்டாலும் ஆட்டம் முடியவில்லை. இரண்டாவது தடவை தரையில் படுமுன் பார்ட்னர் அதை எடுக்கலாம். உன் வீடியோவில் ஒரே ஒரு இடத்தில் அது நடக்கிறது. அவள் வீசித் தவற விட்டாள், பின்னாலிருந்து நீ ஓடிவந்து எடுத்தாய். அவளே எதிர்பார்க்கவில்லை. நான் இங்கே தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

மெக்சிகோ என்றதும் பாவோலா லோங்கோரியாவைத்தான் எல்லோருக்கும் தெரியும், சிங்கிள்ஸில் அவ்வளவு ஜெயித்தவர். 2011, 2015, 2019 பான் அமெரிக்கப் போட்டிகளில் (அமெரிக்கக் கண்டத்து நாடுகள் ஆடுவது) டபுள்ஸ் தங்கமும் வாங்கினார். மூன்று தடவையும் பக்கத்தில் நின்றவர் சமந்தா சாலஸ். இரண்டு பேருமாக உலகச் சாம்பியன் பட்டமும் ஜெயித்தார்கள். அந்தத் தங்கத்தில் சாலஸுக்குப் பாதிப் பங்கு, ஒரு கிராம்கூடக் குறைவில்லை.

நம் பக்கத்துக் கதை உனக்கே தெரியும். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சென்னைப் பெண்கள் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பல்லிக்கலும் ஸ்குவாஷ் டபுள்ஸில் தங்கம் வாங்கினார்கள். ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் காமன்வெல்த்தில் கிடைத்த முதல் பதக்கமே அதுதான். பேப்பரில் வந்த படத்தை நீதான் வெட்டிக்கொண்டு வந்து ஸ்போர்ட்ஸ் ரூம் பீரோவில் ஒட்டினாய். பீரோ இன்னும் இருக்கிறது, படம் மங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் அதே கிளாஸ்கோவில் இருவரும் உலக டபுள்ஸ் பட்டமும் வாங்கினார்கள். தீபிகா இரட்டைக் குழந்தை பெற்று, மூன்று வருஷத்துக்கு மேல் போட்டிகளில் ஆடாமல் இருந்துவிட்டு வந்திருந்தார். இறுதிப் போட்டியில் முதல் கேம் 11-9, இரண்டாவது 4-11 என்று கையைவிட்டுப் போனது, மூன்றாவது 11-8. இடையில் அந்த இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ! எனக்கு அதுதான் கேட்க ஆசை.

அப்புறம், நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பூப்பந்து டீமில் உன்னைப் பின்னால் போட்டது நான்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். முப்பது கிராம்கூட இல்லாத கம்பளிப் பந்து, முன்னால் விழுவதுபோல் வந்து கடைசி நொடியில் பின்னால் போய்விடும். அந்தக் காற்றைப் படிக்கத் தெரிந்தவள் ஐந்து பேரில் நீ ஒருத்திதான், அதனால்தான் உன்னை அங்கே போட்டேன். ஆனால் அதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கோப்பையோடு வந்த அன்று காலைப் பிரேயரில், சென்டரில் ஆடிய பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் பாராட்டினேன். நீ வரிசையில் நின்று எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாய். அந்த முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "சும்மா நிக்கேன்" என்று நீ எழுதியதைப் படித்தபோது, அந்த நினைப்பை உனக்குள் முதலில் போட்டது நான்தானோ என்று தோன்றியது. தப்பு என்னுடையது மக்களே. மன்னித்துக்கொள்.

சிங்கிள்ஸ் ஆடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த சீசன் முடியும்வரை டபுள்ஸை விடாதே. உன் பார்ட்னரிடம் நடுப்பந்து யாருடையது என்று கோர்ட்டுக்கு வெளியே வைத்துப் பேசித் தீர்த்துக்கொள். உள்ளே "என்னுது", "உன்னுது" என்று வாய்விட்டுக் கத்து. நீ வாயே திறப்பதில்லை, அதை மாற்று.

வீடியோ எடுக்கிற பிள்ளையிடமும் ஒன்று சொல். போனை இடது பக்கமாகவே வைத்திருக்கிறாள், பாதி நேரம் உன் முழங்கை மட்டும்தான் தெரிகிறது. அடுத்த மேட்சுக்குக் கண்ணாடிச் சுவரின் வலது ஓரத்தில் வைக்கச் சொல். பந்து எங்கே போனாலும் போகட்டும், எனக்கு உன்னைப் பார்க்கணும்.

அன்புடன்,
உன் பி.டி. டீச்சர்