மாலை போட்டு அனுப்பினால் சரியா?

ஆசிரியர் ஐயா,

எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டுபேர், புருஷனும் பெண்சாதியும், மிஷனரி ஊழியத்துக்காகக் கம்போடியா போகப் போகிறார்கள். அவர் கணித ஆசிரியர் வேலையை விட்டவர், அவள் தாதி. நான் மானிப்பாயில் பிறந்து வளர்ந்த சைவக்காரி, உங்களுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள். மதிலுக்கு அங்கால் ஒன்றரை வருடமாக நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் சனத்துக்கு வெளிநாடு என்றால் கனடா, லண்டன், சுவிஸ். அயலில் ஒருவர் "எந்த ஏஜென்சி, எவ்வளவு முடிஞ்சது?" என்று கேட்டார். சம்பளம் இல்லை, சபைகள் மாதாமாதம் தருகிற காணிக்கையை நம்பித்தான் போகிறார்கள் என்றதும் "அப்ப என்னத்துக்குப் போகினம்?" என்றார்.

அந்தக் காணிக்கை சேர்க்கிற பாடு பெரும்பாடு. ஞாயிறுக்கு ஞாயிறு ஒவ்வொரு சபையாகப் போய் அதே கதையைச் சொல்லி, தேநீர் குடித்து, கை குலுக்கிவிட்டு வருவார்கள். தருகிறோம் என்றவர்களில் கொஞ்சப்பேர் மறுமாதமே மறந்துவிடுவார்கள். தேவையான தொகை சேராமல் அனுப்புகிறவர்கள் நாள் குறிக்கமாட்டார்களாம். இரண்டு தடவை பயணம் தள்ளிப்போய், எடுத்து வைத்த பொலிஸ் சான்றிதழும் பழசாகி மறுபடி அலைந்தார்கள். மோட்டார் சைக்கிளும் ஃபிரிட்ஜும் எப்போதோ விற்றாயிற்று. அவர்களுடைய மீன்குழம்பு இப்போது என் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது (வெள்ளிக்கிழமை மட்டும் விடமாட்டேன்).

பின்னேரத்தில் இரண்டுபேரும் விறாந்தையில் இருந்து கம்போடியாவின் கெமர் மொழி படிப்பார்கள். 33 மெய்யெழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதுகிற எழுத்து, அதிலும் ஒரே உயிர்க்குறி வேறு மெய்யோடு சேர்ந்தால் வேறு மாதிரி ஒலிக்குமாம். அந்த எழுத்து பல்லவர் எழுத்தின் வழி வந்தது என்று சொல்லி அவள் கொப்பியைக் காட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்தேன், எங்கள் எழுத்து மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

1815 ஒக்டோபரில் அமெரிக்காவில் கப்பலேறி, அடுத்த வருடம் மார்ச்சில் கொழும்பில் இறங்கி, பிறகு யாழ்ப்பாணம் வந்த மிஷனரிமாரும் இப்படித்தானே எங்கள் மொழியைப் படித்திருப்பார்கள். 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மானிப்பாயில் அவர் பெயரை அறியாதவர்கள் குறைவு. ஆனால் அந்த மிஷனரிமாரை அனுப்பிவிட்டுக் கரையில் நின்ற தாய்மார் பிறகு எப்படி இருந்தார்கள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

நான் சொல்ல வந்தது அந்தத் தாய்மாரைப் பற்றித்தான். இந்தப் பொடியனின் தாய்க்கு 74 வயது, சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, மகள் கனடாவில். போன கிழமை மகன் பெட்டியைத் தூக்குத் தராசில் நிறுத்தி, 23 கிலோவுக்கு மேல் போகிறது என்று மிளகாய்த்தூள் பையை வெளியே எடுத்தார். தான் கையால் வறுத்து இடித்த தூள், தாய் பேசாமல் அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார், கனநேரம் வெளியே வரவில்லை.

பிரியாவிடைக் கூட்டத்துக்கு மாலை, பொன்னாடை, சாப்பாடு எல்லாம் ஒழுங்கு செய்கிறார்கள். சரி, செய்யட்டும். அனுப்புகிற சபைகளிடம் நான் கேட்பது, அதோடு இன்னொரு பட்டியலும் போடுங்கள்: ஆர் எந்த நாள் அந்த மனுஷியைப் போய்ப் பார்ப்பது, இரவில் ஏதும் என்றால் ஆருக்குப் போன் எடுப்பது, மழைக்கு முதல் கூரை ஓடுகளை ஆர் மாற்றுவது. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மானிப்பாய்