கரப்பானுக்கு முதலில் சோப்பை மாற்று

அன்புள்ள கயலுக்கு,

குட்டியின் படங்களைப் பார்த்தேன். முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் சிவந்து, சொறிந்து சொறிந்து தடித்துப் போயிருக்கின்றன. டாக்டர் சொன்னது சரி, இது கரப்பான்தான். களிம்பு போட்டால் போகிறது, நிறுத்தினால் வந்துவிடுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறாய். களிம்பு அழற்சியைத் தணிக்கும். அதை மூட்டிவிடும் வேலை தோலின் மேற்பரப்பில் தினமும் நடக்கிறது, அதுவும் குளியலறையில்.

தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்கள் 15, 20 அடுக்காக இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று தைத்து வைத்திருப்பவை சில புரதங்கள். பழைய செல் உதிர வேண்டுமானால் அந்தத் தையலை அறுக்க வேண்டும். தோலே அதற்காகக் காலிக்ரீன் 5, காலிக்ரீன் 7 என்ற நொதிகளைச் சுரக்கிறது. அளவு மீறாமல் இவற்றைப் பிடித்து வைப்பது லெக்டி என்ற புரதம். இன்னொரு கடிவாளம் தோலின் புளிப்பு. புளிப்பைக் காட்டும் அளவுகோல் பி.எச்., எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தோலின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை, அந்த நிலையில் இந்த நொதிகள் மெதுவாகத்தான் வெட்டும். பி.எச். 8 வாக்கில் அவற்றின் வேகம் உச்சத்துக்குப் போகும். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9, 10. ஒருமுறை தேய்த்தால் தோல் பழைய புளிப்புக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தையல் பிரிந்துகொண்டே இருக்கும். செல்களுக்கு இடையில் பூச்சாக இருக்கும் செராமைடு என்ற கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகளுக்கோ புளிப்பு வேண்டும், அவை சோர்ந்துவிடும்.

அதிகப்படியான காலிக்ரீன் செல்களின் மேலிருந்து உள்ளே சேதி சொல்லும் ஓர் ஏற்பியையும் வெட்டித் தூண்டுகிறது. அழற்சி அங்கே தொடங்குகிறது. கரப்பான் தோலில் குடியேறும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியிடமும் வி8 என்ற வெட்டும் நொதி உண்டு. அது அரிப்பு நரம்பையே நேராகத் தூண்டுவதை 2023இல் எலிகளில் காட்டினார்கள். படுக்கையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் கழிவில் இருப்பதும் இதே வகை நொதிதான். அதனால் தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவை.

குளிப்பாட்டுவது 5 முதல் 10 நிமிடம், வெதுவெதுப்பான நீரில். வாசனையில்லாத, பி.எச். 5.5 என்று போட்டிருக்கும் சின்டெட் கட்டியை (சோப்பு கலக்காத குளியல் கட்டி) அழுக்குப் படும் இடங்களில் மட்டும் தேய். துண்டால் ஒற்றியெடுத்து, 3 நிமிடத்துக்குள் ஈரப்பதக் களிம்பைத் தடவு. உடம்பு முழுவதற்கும் வாரம் 250 கிராமாவது ஆக வேண்டும். ஒரு சின்ன டியூப் மாதம் முழுக்க வருகிறதென்றால் தடவுவது போதவில்லை. டப்பாவுக்குள் விரலை விடாதே, கரண்டியால் எடு. ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அதிலுள்ள ஒலியிக் அமிலம் பூச்சைக் குலைக்கும். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை.

ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பயந்து பொட்டு மாதிரி வைக்காதே. பெரியவர் விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து நம் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். சிவப்பு மறைந்ததும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தடவிப் பார்த்தால் சொரசொரப்பும் போயிருக்க வேண்டும்.

பயத்தமாவு தேய்க்கச் சொல்வார்கள், வேண்டாம். அந்த உரசலே தோலைக் கிளறும். பப்பாளி பூசச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடு. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதிலுள்ள பப்பைன் புரதத்தை வெட்டும் நொதி. கறிக்குச் செய்வதைத்தான் குழந்தையின் தோலுக்கும் செய்யும்.

லெக்டி அறவே இல்லாமல் பிறப்பது நெதர்டன் நோய். ஸ்பிங்க்5 மரபணுக் கோளாறுதான் காரணம் என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். பிறந்தது முதலே உடம்பெல்லாம் சிவந்திருக்கும், முடி மூங்கில் கணு போல முடிச்சிட்டு ஒடியும். அவர்களுக்குக் கரப்பானுக்குப் போடும் டாக்ரோலிமஸ் களிம்பு தோல் வழியே இரத்தத்தில் அளவு மீறி ஏறிவிடும். நம் குட்டிக்கு அந்த அடையாளம் எதுவும் இல்லை, நீ பயப்படாதே.

மஞ்சளாகப் பொருக்குக் கட்டி நீர் கசிந்தால் கிருமித்தொற்று, டாக்டரிடம் காட்டு. காய்ச்சலோடு ஒரே அளவுக் கொப்புளங்கள் திடீரென்று கூட்டமாக வந்தால் அது உதட்டுக் கொப்புளம் வரவைக்கும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இப்போது போடும் சோப்பின் அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா